வாசகர் கேட்டவை: மலைநகர் மதிலும் மாங்குளத்துக் காணியும்

கேள்வி: கண்டிப் பக்கம் போனபோது தெல்தெனிய புதுநகரைப் பார்த்தேன். சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். தட்டுகளைத் தாங்கும் கருங்கல் மதில்களில் வரிசையாகக் குழாய் வாய்கள். மழை விட்டு வெகுநேரமாகியும் சிலவற்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன்? என் பள்ளக்காணியைக் கிறவல் (சரளை மண்) கொட்டி 2 மீற்றர் உயர்த்தப் போகிறேன். அந்த மதிலுக்கும் குழாய் வேணுமா? (மாங்குளம் வாசகர்)

பதில்: கட்டாயம் வேணும். விக்டோரியா அணை 1980களில் கட்டி முடிய, பழைய தெல்தெனிய நீர்த்தேக்கத்துக்குள் போனது. அதற்குப் பதிலாக மேட்டில் திட்டமிட்டுக் கட்டியதுதான் நீங்கள் பார்த்த ஊர். மதிலுக்குப் பின்னால் மண்ணில் ஊறிய மழைநீர் மெதுவாக வடிவதால்தான் மழை விட்ட பிறகும் சொட்டுகிறது. குளத்துக்கு வான் (மிகுநீர் வெளியேறும் வழி) எப்படியோ, தாங்குமதிலுக்கு அந்தக் குழாய் அப்படி.

கணக்கைப் பாருங்கள். 2 மீற்றர் உயர மதிலை, நீர் வடிந்த கிறவல் மீற்றர் நீளத்துக்குச் சுமார் 1¼ தொன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்மட்டம் வரை நின்றால் அது 2½ தொன். மார்கழி மாரியில் மதில்கள் சாய்வது பெரும்பாலும் இதனால்தான்.

6 அங்குலச் சீமெந்துக் கல் மதில் எல்லைக்குத்தான் சரி, மண்ணைத் தாங்காது. கருங்கல்லால் கட்டுங்கள். அடி அகலம் உயரத்தில் பாதி, அதாவது 1 மீற்றர். அத்திவாரம் கொட்டிய கிறவலில் அல்ல, கீழே உள்ள இறுகிய பழைய நிலத்தில் 2 அடி இறங்க வேணும். தரைக்கு அரை அடி மேலே முதல் வரிசை: 3 அங்குல பீவிசி குழாய், 5 அடிக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக. மேல்வரிசையை இடைமாற்றி வையுங்கள். மதிலுக்குப் பின்னால் அடியிலிருந்து மேல்வரை 1 அடி தடிப்புக்குச் சல்லிக்கல். குழாயின் உள்வாயில் கைமுட்டியளவு பெரிய கற்கள். சல்லிக்கும் கிறவலுக்கும் இடையில் வடிதுணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரிக்காவிட்டால் இரண்டு மாரியில் களி அடைத்துவிடும். பூசும்போது மேசன் குழாய் வாயையும் சேர்த்துச் சீமெந்தால் மூடிவிடுவது வழக்கமாக நடக்கும் பிழை. பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த உயரத்துக்குப் பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் வரைபடத்தைக் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே கட்டிய மதிலில் இப்போது ஓட்டை போடலாமா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

பதில்: மதில் நேராக நின்றால் போடலாம். கோடையில், அடிவரிசையில், துளைகருவியால். சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டாம். வயிறு தள்ளியோ படுக்கைவெடிப்போடோ (கிடையாக ஓடும் வெடிப்பு) இருந்தால் தொடாதீர்கள். முதலில் பின்னால் உள்ள மண்ணை மேலிருந்து இறக்குங்கள்.