வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 67. மாடிப்படி வைத்த சொந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். எங்களுக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை, அவளுக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு. வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்பு ஒன்றில் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள். மனைவி மட்டும், "கிழவர்கள் கூட்டத்துக்கு நடுவில் இன்னொரு கிழவியாக உட்கார என்னால் ஆகாது" என்கிறாள். இதிலுள்ள நல்லது கெட்டதைச் சொல்லுங்கள்.

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் இருவரில் அந்தக் குடியிருப்பில் அதிக காலம் இருக்கப்போவது யார்? பொதுவாகப் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிட அதிகம். போதாக்குறைக்கு உங்கள் மனைவி நான்கு வயது இளையவர். கடைசிச் சில வருடங்களை அங்கே தனியாகக் கழிக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். அதனால் 'மூன்று பேர் சரி என்கிறார்கள், ஒருத்தி வேண்டாம் என்கிறாள்' என்று தலை எண்ணாதீர்கள். இந்த விஷயத்தில் அவர் பேச்சுக்குத்தான் எடை அதிகம்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கூடவே, அவர் மனதில் இருப்பது முதியோர் இல்லமாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. இல்லம் என்பது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவர்களுக்கோ முடியாதவர்களுக்கோ உள்ள இடம். குடியிருப்பில் உங்களுக்கென்று தனி வீடு, தனிக் கதவு, தனிச் சாவி இருக்கும். சமையலறைகூட இருக்கும். வெளியே பொது உணவுக்கூடம், நடைபாதை, நூலகம், செவிலியர் அறை என்று சில வசதிகள். இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லப்படுவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபர் 1960 ஜனவரி 1ஆம் தேதி திறந்த சன் சிட்டி. அவர் விற்றது பராமரிப்பை இல்லை. கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், 'இனிமேல்தான் வாழ்க்கை' என்ற எண்ணம், இவற்றைத்தான் விற்றார். இன்று வரும் விளம்பரங்களிலும் அதே வாடைதான் அடிக்கிறது. சிரித்துக்கொண்டே டென்னிஸ் மட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் வெள்ளைத்தலைத் தம்பதி! அந்தப் படத்தை மறந்துவிட்டு மேலே படியுங்கள்.

உண்மையான லாபம் எது என்று கேட்டால், நான் முதலில் சொல்வது மருத்துவ வசதியைக்கூட இல்லை. வீட்டு வேலையிலிருந்து கிடைக்கும் விடுதலைதான். குழாய் ஒழுகினால் ஆள் தேடி, அவர் வருகிறேன் என்ற நாளில் வராமல் போக, மறுநாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது நாற்பது வயதில் எரிச்சல். எண்பதில் அது முழுநேர வேலை. பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறி விழுந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார். மாடிப்படி உள்ள வீடு, முழங்கால் வலி என்று நீங்கள் எழுதிய இரண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த லாபம் ஆள் துணை. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியலாளரின் குழுவினர் 148 ஆய்வுகளை, அதாவது மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை, ஒன்றாக வைத்து அலசினார்கள். நெருக்கமான உறவுகள் உள்ளவர்கள் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் அது நெருக்கத்தைப் பற்றிய கணக்கு. பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதும் நெருக்கமும் ஒன்றாகிவிடாது. ஐம்பது வருடப் பழக்கமான எதிர் வீட்டுக்காரரை விட்டுவிட்டு முந்நூறு புதிய முகங்களுக்கு நடுவே போய் நின்றால், முதல் ஆறு மாதம் தனிமை கூடத்தான் செய்யும். உணவுக்கூடத்தில் காலியாகக் கிடக்கிற நாற்காலியில் உட்காரப் போனால், "அது இன்னாருடைய இடம்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை படும் பாட்டை எழுபது வயதில் மறுபடி பட வேண்டியிருக்கும். எளிதில் பழகும் சுபாவம் உங்கள் இருவரில் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் மனைவி சொன்ன 'கிழவர்கள் கூட்ட'த்துக்கு வருகிறேன். ஒரே வயதுக்காரர்கள் மட்டும் வாழும் இடத்தில் குழந்தைகள் விளையாடும் சத்தம் இருக்காது. மரணச் செய்தி அடிக்கடி வரும். அறிவிப்புப் பலகையில் ஒரு படம், அடியில் இரண்டு வரி, அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்துவிடுவார். சிலருக்கு இது பழகிவிடும். இதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள முடிவதே நிம்மதி என்று சொன்னவர்களும் உண்டு. சிலருக்குக் கடைசி வரை பழகாது. இதில் சரி, தப்பு இல்லை. ஆனால் சேர்ந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை.

இன்னொரு குறையைப் பலரும் குறையாகவே பார்ப்பதில்லை: எல்லாவற்றையும் பிறர் செய்து கொடுப்பது. 1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சோதனை ஒன்று நடத்தினார்கள். ஒரு மாடியில் இருந்த முதியவர்களிடம், உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி ஆளுக்கொரு செடியையும் வளர்க்கக் கொடுத்தார்கள். இன்னொரு மாடியிலும் செடி உண்டு, தண்ணீர் ஊற்றுவது மட்டும் ஊழியர் வேலை. சில வாரங்களில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் மலர்ச்சியாகவும் மாறியிருந்தார்கள். ஆகவே குடியிருப்பைப் பார்க்கப் போகும்போது, 'என்னென்ன செய்து தருவீர்கள்' என்று கேட்பதோடு 'நாங்களே என்னென்ன செய்துகொள்ளலாம்' என்றும் கேளுங்கள். சொந்தமாகச் சமைக்கலாமா, பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் தங்கலாம், நாய் வளர்க்கலாமா, சுவரில் ஆணி அடிக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? சில்லறைக் கேள்விகள்தான், ஆனால் அங்கே வாழ்வது இந்தச் சில்லறைகளோடுதான்.

இனி பணமும் ஒப்பந்தமும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பொதுவாக மூன்று வழி உண்டு. வீட்டை விலைக்கு வாங்கிவிடுவது ஒன்று. பெரிய வைப்புத்தொகை கட்டி ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை மட்டும் பெறுவது இன்னொன்று. மாத வாடகை மூன்றாவது. வாங்கினால் சொத்து உங்கள் பெயரில் இருக்கும், ஆனால் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருந்தால் வாங்க வருபவர்கள் குறைவு, விற்க நாளாகும். விற்கும் வரை பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது? பெரும்பாலும் நீங்கள், அல்லது உங்கள் வாரிசுகள். வைப்புத்தொகை முறையில் நீங்கள் கட்டிய பணம் நடத்துபவர் கையில் இருக்கிறது. எவ்வளவு பிடித்துக்கொண்டு, எத்தனை நாளில் திருப்புவார்கள்? 'அந்த வீட்டுக்கு அடுத்த ஆள் வந்த பிறகு' என்று எழுதியிருந்தால், அடுத்த ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? நடத்துபவர் நொடித்துப் போனால், கடன் கொடுத்த வங்கி வரிசையில் முன்னே நிற்கும், நீங்கள் பின்னே நிற்பீர்கள். வாடகை முறையில் பெரிய பணம் மாட்டிக்கொள்ளாது, பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம். அதற்குப் பதிலாக, அவர்கள் உங்களைக் கிளப்புவதும் சுலபம்.

மாதக் கட்டணத்தை இன்றைய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆண்டுக்கு 7 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் இரண்டு மடங்கு, இருபது வருடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. உங்கள் மனைவிக்கு 87 வயது ஆகும்போது அந்த நான்கு மடங்கைக் கட்ட ஏற்பாடு இருக்கிறதா என்பதே கேள்வி. உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, உயர்த்தும்போது குடியிருப்பவர்களைக் கேட்பார்களா, கடந்த ஐந்து வருடம் எவ்வளவு உயர்த்தினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல்லாக வரும் எதையும் எழுத்தில் கேட்டால், முகம் கோணுகிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அப்புறம், ஒப்பந்தத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு பக்கம் உண்டு: உடல் முடியாமல் போனால் என்ன நடக்கும் என்ற பக்கம். ஒருவர் தன் வேலைகளைத் தானே எவ்வளவு பார்த்துக்கொள்கிறார் என்று அளக்க, சிட்னி காட்ஸ் என்ற மருத்துவர் 1963இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தன் கையால் சாப்பிடுவது என்று ஆறு வேலைகள். இவற்றில் எத்தனைக்கு உதவி தேவைப்பட்டால் தனி வீட்டைக் காலி செய்ய வேண்டும்? எங்கே மாற்றுவார்கள், அதே வளாகத்திலா, வேறு ஊரிலா? மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா? இருவரில் ஒருவருக்கு மட்டும் முடியாமல் போனால் இரண்டு இடத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டுமா? கடைசிக் கேள்விக்குப் பல இடங்களில் பதில் 'ஆமாம்' என்பதுதான். தம்பதிகளின் கணக்கு கவிழ்வதும் அதில்தான்.

இதனால்தான் 'இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், முடியாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் முழுக்கச் சரியான யோசனை இல்லை. பல குடியிருப்புகள் நடமாட்டத்தோடு வருபவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்கின்றன, மருத்துவப் பரிசோதனையும் கேட்கின்றன. தேவை வந்த பிறகு போனால் கதவு மூடியிருக்கலாம். தவிர, எந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது, எந்த அலமாரியை விடுவது என்று உங்கள் மனைவியே நின்று பார்த்துக் குடிபோவதற்கும், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக யாரோ கொண்டுபோய் விடுவதற்கும் வித்தியாசம் நிறைய.

நேரில் பார்க்கப் போகும்போது வரவேற்பறையைப் பார்க்காதீர்கள், குளியலறையைப் பாருங்கள். என் பெரியம்மா இருந்த இடத்தில் குளியலறையில் அவசர அழைப்புக் கயிறு ஒன்று இருந்தது. தரை துடைக்கும்போது தடுக்கிறது என்று பணியாளர் யாரோ அதைச் சுருட்டி மேலே குழாயில் முடிச்சுப் போட்டுவிட்டார். பெரியம்மா ஒரு விடியற்காலை விழுந்தார். கயிறு தலைக்கு மேலே நாலடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு ஆள் வரும் வரை ஈரத் தரையில் கிடந்தார். அன்றிலிருந்து எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது கயிறு தரை வரை தொங்குகிறதா என்றுதான். அனுமதி கேட்டு ஒரு முறை இழுத்தும் பாருங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. இரவு எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், அவர்களில் செவிலியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பகல் எண்ணிக்கையைச் சொல்லிச் சமாளிப்பார்கள், விடாதீர்கள்.

உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன்? வீட்டை இப்போது விற்க மாட்டேன். விற்ற பணத்தை வைத்து அதே வீட்டைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம். வாடகைக்கு விடலாம், அல்லது பூட்டி வைக்கலாம். இதற்கிடையில் படிக்கட்டிலும் குளியலறையிலும் கைப்பிடி வைத்து, படுக்கையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். குடியிருப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் இது வீண் செலவில்லை. மூன்று நான்கு இடங்களைப் பார்த்து, மனைவிக்கு ஓரளவாவது பிடித்த ஒன்றில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். தங்கிப் பார்க்க அனுமதிக்காத இடம் என்றால் அதை அப்போதே கைவிடுங்கள்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் நீங்கள் மட்டும் கிளம்பி, நான்கு நாள் பிள்ளை வீட்டுக்குப் போய்விடுங்கள். அவர் தனியாக உணவுக்கூடத்துக்குப் போகட்டும், எந்த நாற்காலி காலியாக இருக்கிறதென்று தேடட்டும், இரவில் தனியாகக் கதவைப் பூட்டிக்கொள்ளட்டும். மூன்றாம் நாள் சாயங்காலம் போன் செய்து, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். "எப்போ வர்றீங்க?" என்கிறாரா, "நாளைக்குப் பேசலாமா, கீழே எல்லாரும் காத்துட்டிருக்காங்க" என்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.