டெல்லி யூனிவர்சிட்டில எகனாமிக்ஸ் ஆனர்ஸ் சீட்டுக்கு பன்னெண்டாவது மார்க் மட்டும் போதுமா?

பொண்ணு ஆர்.கே. புரத்துல தமிழ் ஸ்கூல்ல படிக்குறான்னு சொன்னீங்க அக்கா, மார்க் மட்டும் போதாது. 2021 வரைக்கும் போர்டு மார்க்தான் எல்லாமே, ஹிந்து காலேஜ்ல பொலிட்டிக்கல் சயின்ஸ் கட்-ஆஃப் அந்த வருஷம் 100% போச்சு, 2022ல இருந்து சியுஇடி (சென்ட்ரல் யூனிவர்சிட்டிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு) ஸ்கோர்தான், பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்.

நிறைய பேர் கோட்டை விடுறது பேப்பர் செலக்ட் பண்றப்போ. எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்கு மேத்ஸ் எழுதியே ஆகணும், இல்லன்னா எவ்ளோ ஸ்கோர் எடுத்தாலும் வேஸ்ட். லாங்வேஜ் பேப்பர் தமிழே எடுக்கலாம், நம்ம பசங்களே இத யோசிக்கறதில்ல!

சியுஇடி எழுதிட்டா சீட் தானா வராது, டெல்லி யூனிவர்சிட்டியோட சிஎஸ்ஏஎஸ்ங்கற அட்மிஷன் போர்ட்டல்ல தனியா அப்ளை பண்ணி காலேஜ், கோர்ஸ் ரெண்டையும் ஜோடி ஜோடியா பிடிச்ச வரிசையில போடணும், "இது கிடைக்காது"ன்னு நீங்களே எதையும் கீழ தள்ளாதீங்க. முதல் ரவுண்டுல கிடைச்ச சீட் பிடிக்கலன்னாலும் அக்செப்ட் பண்ணி ஃபீஸ் கட்டிட்டு அப்கிரேடு (லிஸ்ட்ல மேல போட்ட சீட்டுக்கு மாத்தறது) கேளுங்க, சும்மா விட்டா அடுத்த ரவுண்டுலயும் பேர் இருக்காது.

அப்புறம் ஊர்ல வாங்கின பிசி சர்டிஃபிகேட் இங்க செல்லாது, சென்ட்ரல் ஓபிசி கிரீமி லேயர் (வசதியான பிரிவு) இல்லாத சர்டிஃபிகேட் புதுசா இப்பவே வாங்கி வைங்க.