‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல்லும் தம்பிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் தம்பி போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் இருக்கிறான். எப்போதாவதுதான் பேச முடிகிறது. அவனைப் பற்றிக் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்பதோடு சரி. ஆனால் பின்கதவைச் சரிசெய்தாயிற்றா, நாய்க்குட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பான். அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. அவன் மனம் கலங்கக் கூடாது என்று மறைத்து வைத்திருக்கிறோம். நாங்கள் செய்வது சரியா? – ஒரு வாசகி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி எதையோ ஒளிக்கிறார் என்ற கவலை உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படி நினைக்க வேண்டியதில்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஓர் அச்சிட்ட அஞ்சலட்டையைக் கொடுத்தது. ‘நான் நலமாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்’ போன்ற வரிகள் அதில் முன்பே இருக்கும். பொருந்தாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் இட்டு அனுப்ப வேண்டியதுதான். கூடுதலாக எதை எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருந்தது. அந்த ஒற்றை வரி வீட்டாருக்குச் சொன்னதெல்லாம், இந்தத் தேதியில் இவர் உயிரோடு, எழுதும் நிலையில் இருந்தார் என்பதுதான். உங்கள் தம்பியின் ‘நல்லா இருக்கேன்’ என்பதையும் அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அது சிறிய செய்தியன்று.

அவர் தன்னைப் பற்றிப் பேசாததற்கு இன்னொரு காரணம், சொல்வதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லாமல் இருப்பதாகவும் இருக்கலாம். போர் என்றதும் நமக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. முகாமில் பெரும்பாலான நாட்கள் விடியுமுன் எழுவதிலும், பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கும் ரோல் காலிலும், ஆயுதத்தைத் துடைப்பதிலும், மண் வெட்டுவதிலும், தண்ணீர் சுமப்பதிலும், சென்ட்ரி (காவல்) முறை வரும்வரை அரைத் தூக்கம் தூங்குவதிலும் கழிகின்றன. எதற்காகக் காத்திருக்கிறோம், எப்போது கிளம்பச் சொல்வார்கள் என்பது பெரும்பாலும் கடைசி நேரம்வரை தெரியாது. நேற்றும் இன்றும் ஒன்றுபோல் இருக்கும் ஒருவருக்கு, தாம் இல்லாமலும் நடந்துகொண்டிருக்கும் வீடுதான் மனம் போய் உலவும் இடம். பின்கதவையும் நாய்க்குட்டியையும் பற்றி அவர் கேட்பது அதனால்தான். போர்வினைமேல் சென்ற தலைவன் பாசறையில், அதாவது போர் முகாமில், வீட்டிலிருக்கும் தலைவியை நினைத்துப் புலம்புவதைப் ‘பாசறைப் புலம்பல்’ என்று தனித் துறையாகவே வகுத்த மொழி நம்முடையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவர்கள் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே பதிவேட்டில் எழுதினார்கள் என்பதையும் நினைத்தால், வெட்கப்படவோ அதட்டி அடக்கவோ இதில் ஒன்றுமில்லை.

ஆகவே அவர் கேட்கும் சில்லறை விவரங்களைத்தான் நிறைய எழுத வேண்டும். கதவை யார் சரிசெய்தார், கீல் இன்னும் கிறீச்சிடுகிறதா, நாய்க்குட்டி யாருடைய செருப்பைக் கடித்தது என்றெல்லாம் எழுதுங்கள். ‘நாட்டுக்காக நீ செய்யும் தியாகம்’ என்ற வகை வாக்கியங்கள் வேண்டாம்; அவற்றைச் சொல்ல மேடைகள் இருக்கின்றன. அவர் எங்கே இருக்கிறார், எப்போது நகர்வார் என்று கேட்காதீர்கள். சங்கேதமும் வேண்டாம். முதல் உலகப் போரில் பிரான்சில் இருந்த இந்திய வீரர்கள் சிலர், இந்தியப் படையைக் கருமிளகு என்றும் வெள்ளையர் படையைச் சிவப்பு மிளகு என்றும் குறித்து எழுதிப் பார்த்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் படித்த ராணுவத் தணிக்கையாளர்களுக்கு அது புரிந்துவிட்டது. கைபேசிக்குக் கட்டுப்பாடு இருந்தால் அதையும் அதிகாரிகளின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் அமைப்பே புலப்பட்டது 2018 ஜனவரியில் தெரியவந்தது. செயலியில் பதிவான, வீரர்கள் ஓடிய பாதைகளே முகாமைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

கடிதங்களுக்கு வரிசை எண் இடுங்கள். 1945-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அமெரிக்க வீரர்களுக்கான தபால்கள் மலைபோல் தேங்கிக் கிடந்தன. அவற்றைப் பிரித்து அனுப்புவதற்கென்றே கறுப்பினப் பெண்களைக் கொண்ட 6888-ஆம் படைப்பிரிவு வரவழைக்கப்பட்டது. தபால் தாமதமாகும், முன்பின்னாகவும் வரும். எண் இருந்தால், ஏழாவது வந்து ஆறாவது வராதபோது வழியில் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வீட்டார் மறந்துவிட்டார்கள் என்று தோன்றாது.

இனி உங்கள் தந்தையின் விஷயம். மறைப்பது சரியில்லை என்றே நான் நினைக்கிறேன். போரில் இருப்பவருக்கு மகிழ்ச்சியான செய்தியை மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது பழைய அறிவுரை. அதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு யாரேனும் ஓர் உறவினர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், அன்றுமுதல் நீங்கள் ‘எல்லோரும் நலம்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அவர் அதை நம்பாமல் இரவெல்லாம் கற்பனை செய்துகொண்டிருப்பார். காவலில் நிற்பவருக்கு அந்தக் கற்பனை உண்மையைவிடக் கேடு. ஆனால் இரண்டு நிமிடத் தொலைபேசியில், அழைப்பு துண்டிக்கப்படும் தறுவாயில் சொல்லாதீர்கள், கடிதத்தில் எழுதுங்கள். என்ன நோய், எந்தத் தேதியில் சிகிச்சை, மருத்துவர் என்ன சொன்னார், உடன் யார் இருப்பார்கள், பணத்துக்கு என்ன ஏற்பாடு, அடுத்த செய்தி எப்போது வரும் என்பவை அதில் இருக்கட்டும். அவரால் அங்கிருந்து தீர்க்க முடியாத எதையும் கேள்வியாக அவர்முன் வைக்க வேண்டாம்.

அவர் வந்தே ஆக வேண்டிய நிலை என்று மருத்துவர் கருதினால், தம்பியை வற்புறுத்துவதில் பயனில்லை. விடுப்பு அவர் கையில் இல்லை. மருத்துவரின் சான்றுடன் அவருடைய படைப்பிரிவு அதிகாரிக்கு நீங்களே எழுதுங்கள். விடைபெறுவது போன்ற பேச்சோ, எதிலும் பற்றில்லாத தொனியோ தொடர்ந்து தென்பட்டாலும் அதே அதிகாரிக்கோ படைப்பிரிவின் மருத்துவருக்கோ உடனே தெரிவியுங்கள்.

சிகிச்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் கடிதம் முன்னதாகவே போய்ச்சேர இடமிருக்கிறது. இந்த வாரமே எழுதுங்கள். அதன் அடியில் உங்கள் தந்தையையும் தம் கைப்பட இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும் ஒரு பக்கத்தைவிட அந்தக் கையெழுத்தை உங்கள் தம்பி அதிகம் நம்புவார்.