நான்காம் வீட்டில் சனி

அன்புள்ள அக்கா,

நான் காட்பாடியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கும் வேலை. இப்போது பெங்களூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பிறந்தநாளுக்குத் தோழி ஒருத்தி ஜோதிட ஆரக்கிள் அட்டைக்கட்டு, அதாவது குறி பார்க்கும் சீட்டுக்கட்டு, வாங்கிக் கொடுத்தாள். கிரகம் 10, ராசி 12, வீடு 12 என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை எடுத்துச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதல் நாள் சனி, துலாம், நான்காம் வீடு வந்தது. அம்மாவுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துவிட்டேன். மறுநாள் குரு வந்தது. அடுத்த நாள் மறுபடி சனி. ஒரு மாதமாக ராத்திரி ராத்திரி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஜாதகப்படி நான் கன்னி ராசி. அட்டையோடு வந்த புத்தகமோ, ஏப்ரல் 5-ல் பிறந்தால் மேஷம் என்கிறது. எதை நம்புவது? ‘அந்தச் சீட்டுக்கட்டைக் கொண்டுபோய்ப் பாலாற்றில் போடு’ என்கிறார் அம்மா.

பெயர் வேண்டாம், காட்பாடி.

அன்புள்ள தங்கைக்கு,

ராசிக் குழப்பத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நம் ஊரில் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற ராசி. மேல்நாட்டில் சூரியன் நின்ற ராசியைச் சொல்வார்கள். அதிலும் அவர்களுக்கு மேஷம் மார்ச் 21 வாக்கில், பகலும் இரவும் சமமாகும் நாளில் தொடங்கிவிடும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்குப் போடுவதால் நமக்கு மேஷம் சித்திரை பிறந்தால்தான். இரண்டுக்கும் நடுவே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். ஏப்ரல் 5 நமக்குப் பங்குனி மாதம், சூரியன் மீனத்தில் இருப்பான். ஆகவே ஜாதகமும் சரி, புத்தகமும் சரி, அவரவர் கணக்கில் சரியாகத்தான் சொல்கின்றன. உங்கள் அட்டைக்கட்டில் யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ இருக்கும். நம் ஜாதகக் கட்டத்தில் அந்த மூன்றுக்கும் இடமில்லை. ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டாம்.

சனிக்கு வருகிறேன். பத்துக் கிரக அட்டைகளில் ஒன்று சனி. முப்பது ராத்திரி எடுத்தால் சராசரியாக மூன்று தடவை வரும். கட்டைக் குலுக்கி எடுக்கும் யாருக்கும் இப்படித்தான் வரும். உங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு சனி வரவில்லை.

ஆனால் அந்த முதல் நாளை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்ததே அந்த இடத்துக்காகத்தான். மேல்நாட்டு ஜோதிடத்தில் நான்காம் வீடு என்றால் குடியிருக்கும் வீடு, குடும்பம், வேர். நம் ஜோதிடத்தில் அது மாத்ரு ஸ்தானம், தாயின் இடம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் ‘அம்மா’ என்று படித்திருக்கிறீர்கள். துலாம் சனிக்கு உச்ச வீடு, அதாவது சனி பலமாக நிற்கும் ராசி. இரண்டு முறையிலும் அப்படித்தான். அது உங்கள் கண்ணில் படவே இல்லை. வந்த மூன்று அட்டைகளில் இரண்டை மட்டும் எடுத்து, அம்மாவுக்கு ஆபத்து என்று கோர்த்துக்கொண்டது உங்கள் மனசு. அம்மாவைத் தனியாக விட்டுப் போகிறோமே என்ற பயம் அட்டையைத் தொடும் முன்பே உங்களிடம் இருந்திருக்கிறது.

எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். எங்கள் ஆயா அம்மன் சந்நிதியில் பூப் போட்டுப் பார்ப்பார். ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளரளி. தனித்தனியாக வாழை இலைக் கிழிசலில் மடித்து நாரால் கட்டுவார். இரண்டு பொட்டலமும் ஒரே கனமாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று எல்லார் காதிலும் விழும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவார். விஷயம் தெரியாத குழந்தைதான் எடுக்க வேண்டும். ஒரு தடவை நான் எடுத்தேன், ஏழு வயது எனக்கு. கிணற்றை இன்னும் ஆழமாக வெட்டலாமா என்பது சித்தப்பாவின் கேள்வி என்று அப்புறம்தான் தெரிந்தது. இலை ஈரமாக இருந்தது. நாரை அவிழ்த்தால் சிவப்பு.

‘இன்னொருவாட்டி போட்டுப் பார்க்கலாம்மா’ என்றார் சித்தப்பா.

‘கேட்டாச்சு. வெட்டணும்னு தோணுச்சுன்னா நீ வெட்டு. பூவைத் திரும்பக் கேக்காத’ என்று சொல்லிவிட்டு ஆயா கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அந்தக் கோடையிலேயே கடன் வாங்கி வெட்டினார் சித்தப்பா. இரண்டு வருடம் தண்ணீர் இருந்தது, பிறகு வற்றிவிட்டது. பூ சொன்னது பலித்ததா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கிளி ஜோசியத்திலும் ஒரு சீட்டுக்கு ஒரு காசு. அடுத்த சீட்டு வேண்டுமென்றால் மறுபடி காசு வைக்க வேண்டும். உங்கள் அட்டைக்கட்டு கட்டில் ஓரத்திலேயே இருக்கிறது. காசு வேண்டாம், கோயிலுக்குப் போக வேண்டாம், பக்கத்தில் ஆயாவும் இல்லை. மூன்று அடுக்கையும் சேர்த்தால் 1,440 விதமாக அட்டை வரலாம். கேட்டுக்கொண்டே இருந்தால் அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், நீங்களும் தூங்காமல் கிடப்பீர்கள். என்னிடமும் ஒரு கட்டு இருக்கிறது. நாளை நடக்கப்போவது அதற்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. மனசில் அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்க்கத்தான் எடுக்கிறேன். ஒரு விஷயத்துக்கு ஒரே தடவை, அதுவும் கேள்வியைக் காகிதத்தில் எழுதி வைத்த பிறகு. உடம்பைப் பற்றி எடுக்கவே மாட்டேன். அம்மாவின் சர்க்கரைக்கு லேப் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். போன தடவை ரிப்போர்ட் என்ன சொன்னது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையே, ஏன்?

அட்டைக்கட்டை ஆற்றில் போட வேண்டாம். தோழி ஆசையாகக் கொடுத்தது, பீரோவில் இருக்கட்டும். பெங்களூர், காட்பாடியில் ரயில் ஏறினால் மூன்று நான்கு மணி நேரம். அதையும் சேர்த்து யோசியுங்கள்.

ராத்திரி நீங்கள் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பதை அம்மா ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். என்ன கேட்கிறீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா? இன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா