வட பிரான்சில் மூன்று நாள் பைக் பயணம்: தினம் ஓர் ஊரில் தங்குவதா, ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவதா?

ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவதுதான் என் கட்சி. அறையில் மூட்டையைப் போட்டுவிட்டு, தினமும் ஒரு திசையில் போய் இருட்டுவதற்குள் திரும்புவது. முளையில் கட்டிய மாடு நாலாபுறமும் மேய்கிற மாதிரி.

காரணம், முதல் உலகப் போரின் களங்கள் அங்கே நெருக்கமாகக் கிடக்கின்றன. அர்ராஸ் ஊரை முளையாக வையுங்கள். வடக்கே பக்கத்திலேயே விமி மேடு. 1917 ஏப்ரலில் கனடியப் படை பிடித்த இடம். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருப்பதால் அங்கே புல்லை மேய்ந்து குறைப்பது செம்மறி ஆடுகள்தான்! தெற்கே சோம் களம். தியெப்வால் நினைவு வளைவில் கல்லறை தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். படிக்கத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. இன்னொரு நாள் நெவ் ஷப்பெல். 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர் பொறித்த நினைவிடம் அங்கே இருக்கிறது. நம்மவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

கையுறை சட்டப்படி கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும். இலையுதிர்காலத்தில் பீட்ரூட் வகைக் கிழங்கு ஏற்றும் டிராக்டர்கள் சாலையில் சேற்றை இழுத்துவிடும்; வளைவுகளில் நிதானம்.

ஒரே ஊரில் தங்கினால் ஓட்டுவது குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நெவ் ஷப்பெல் போய்வரவே எண்பது கிலோமீட்டர் பக்கம் ஆகும், குறைவது மூட்டை கட்டும் வேலைதான்.