வன்னியில் எச்.ஐ.வி.யும் உளநலமும்: ஆய்வு நிலையத்துக்கு நிதி தேடுவோருக்கான கேள்வி பதில்

கிளிநொச்சி, மருத்துவ அதிகாரி: வணக்கம் அக்கா. அமெரிக்காவின் தேசிய உளநல நிறுவனம் எச்.ஐ.வி. ஆய்வு நிலையங்களுக்குக் காசு குடுக்குதாம். நாங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாமோ?

பதில்: நிலையத்துக்கான மானியத்தை பி-30 என்பார்கள். அது அமெரிக்க நிறுவனங்களுக்கானது. கொலம்பியா பல்கலைக்கழக எச்.ஐ.வி. நிலையம் 1987 முதலும், சான் பிரான்சிஸ்கோவின் எயிட்ஸ் தடுப்பு ஆய்வு நிலையம் 1986 முதலும் இயங்குகின்றன. பலர் கவனிக்காத விடயம், பி-30 முழு அளவிலான தனி ஆய்வுகளுக்குக் காசு தருவதில்லை. நிர்வாகம், புள்ளிவிபரம், இளம் ஆய்வாளர் பயிற்சி போன்ற பொதுப் பிரிவுகளைத்தான் அது தாங்கும். ஏற்கெனவே நிதி பெற்ற ஆய்வாளர்கள் பலர் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. வன்னியில் இன்று அந்த அடித்தளம் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது சிறிய ஆய்வு மானியங்கள். ஆர்-21 என்றால் இரண்டு வருடத்துக்கு மொத்தம் 275,000 டொலர் வரை நேரடிச் செலவு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிர்வாக மேற்செலவு 8 வீதம்தான், உபகரணத்துக்கு அதுவும் இல்லை. பல்கலைக்கழக நிதிப் பிரிவுக்கு இதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். காசு வந்தபிறகு சொன்னால் சண்டைதான். அமெரிக்கப் பதிவு இலக்கங்கள் எடுக்க மாதக்கணக்காகும், அதையும் முதலே தொடங்குங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கீழ் உபநிதியாக வரலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: 2025 மே மாதத்தில் அந்தப் பழைய முறையை நிறுத்தி வேறு அமைப்புக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். நடப்பு அறிவித்தலை வாசிக்காமல் பாதீடு போடாதீர்கள்.

வவுனியா: கட்டடத்துக்கு யார் நிதி தருவினம்?

பதில்: ஆய்வு மானியத்தில் கட்டடம் கட்ட முடியாது. இருக்கிற ஆஸ்பத்திரியில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை கேளுங்கள்.

மன்னார், ஆய்வு உதவியாளர்: பாதீட்டில வழமையாக எங்க பிழை விடுகினம்?

பதில்: பயணப்படிப் பற்றுச்சீட்டில். பங்குபற்றுபவருக்கு பஸ் காசு கொடுக்கிறீர்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாம் வாங்குகிறீர்கள். சீட்டின் தலைப்பில் 'எச்.ஐ.வி. ஆய்வு' என்று இருக்கிறது. அது எழுதுவினைஞர், காசாளர், கணக்காய்வாளர் என்று நாலு மேசை தாண்டிப் போகும். அதில் ஒருவர் அவருடைய ஊர்க்காரராக இருப்பார். சம்மதப் படிவத்தை இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, அதே பெயரை நிதிப் பிரிவுக்கு அனுப்பினால் பூட்டியதில் என்ன பலன்?

செய்யவேண்டியது இதுதான். ஆய்வுக்கு 'நலவாழ்வு ஆய்வு' போன்ற பொதுப் பெயர் வையுங்கள். சீட்டில் குறியீட்டு இலக்கம் மட்டும் இருக்கட்டும். சில்லறைக் காசு ஆய்வு இணைப்பாளர் கையில் இருக்கட்டும். பெயரையும் குறியீட்டையும் சேர்க்கும் பட்டியல் ஒன்றே ஒன்று, அது கிளினிக்கை விட்டு வெளியே போகக்கூடாது. இந்த ஒழுங்குக்கு நிதி தருபவரிடமும் உள்ளகக் கணக்காய்விடமும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுங்கள்.

வாகனமும் அப்படியே. திட்டத்தின் பெயர் ஒட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் போனால் பின்னேரத்துக்குள் ஊருக்கே தெரியும். வீட்டு நேர்காணலே வேண்டாம்.

லண்டன்: ஊர்ச்சங்கத்தால காசு சேர்த்துத் தரலாம். என்ன வாங்கித் தர?

பதில்: ஒன்றும் வாங்காதீர்கள். பயிற்சி பெற்ற தமிழ் ஆய்வு உதவியாளர் ஒருவரின் இரண்டு வருடச் சம்பளத்தைப் பொறுப்பெடுங்கள். கணினி கிடைத்துவிடும், ஆள்தான் நிலைப்பதில்லை.

முல்லைத்தீவு: என்ர உறவினர் எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறார், வலிப்புக்கும் குளிசை. சேர்த்து எடுக்கலாமோ?

பதில்: இது நிதி பற்றிய பகுதி, ஆனாலும் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி. கார்பமசெபின் என்ற வலிப்புக் குளிசை, டொலுடெக்ரவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்கும். தானாக எதையும் நிறுத்தாமல், இரண்டு குளிசைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பாலியல் நோய் சிகிச்சை நிலைய வைத்தியரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள்.

மாங்குளம், ஆசிரியர்: கோவிக்காதேங்கோ அக்கா. இலங்கையில வயதுவந்தவர்களில எச்.ஐ.வி. 0.1 வீதத்துக்கும் குறைவு. போருக்குப் பிறகு இங்க மனம் உடைஞ்ச சனம் எவ்வளவு? வெளிநாட்டுக் காசுக்காக எச்.ஐ.வி.யைச் செருகுறது நியாயமோ?

பதில்: நியாயமான கேள்வி, பாதியை ஒத்துக்கொள்கிறேன். வன்னிக்கென்று தனியான நிலையம் கேட்பது கணக்குக்கே ஒத்துவராது. ஒரு நிலைமை எத்தனை வீதம் பேருக்கு இருக்கிறது என்பதை 5 வீதப் புள்ளிக்குள் சொல்ல ஏறக்குறைய 384 பேர் வேண்டும். 30 பேரைக் கேட்டு 9 பேருக்கு மனச்சோர்வு என்று கண்டால், உண்மை 14 வீதமாகவும் இருக்கலாம், 46 ஆகவும் இருக்கலாம். அதை வைத்து ஒரு கொள்கையும் எழுத முடியாது.

ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் அவர்களை விட்டுவிடலாம் என்பதை ஏற்கமாட்டேன். மனச்சோர்வு உள்ளவர் மருந்தைத் தவறவிடுகிறார், வைரஸ் அளவு ஏறுகிறது. ஆட்கள் குறைவான இடத்தில் ஒளிவுமறைவின் சுமையும் கூட. ஆகவே நாடளாவிய கிளினிக்குகளைச் சேர்த்த ஆய்வில் வன்னி ஒரு கிளையாக இருக்கட்டும்.

மாங்குளம், ஆசிரியர்: கிளை எண்டால் கொழும்பு முடிவெடுக்கும், நாங்கள் படிவம் நிரப்புவம். அதுதானே நடக்கிறது?

பதில்: அதைத் தடுக்க ஒப்பந்தத்தில் மூன்று வரி போதும்: வன்னி ஆய்வாளர் ஒருவர் இணைப் பிரதான ஆய்வாளர், இங்கத்தைய தரவில் எழுதப்படும் கட்டுரைக்கு முதல் உரிமை இங்கே, கிளையின் பாதீடு தனி வரியாக. கையொப்பத்துக்கு முன் கேளுங்கள். நீங்கள் சொல்லும் போர்க்கால மனக்காயத்தையும் இதில் சேர்க்கலாம். பாலியல் நோய் கிளினிக்குக்கு வரும் எல்லோரிடமும் உளநலம் விசாரித்தால், எச்.ஐ.வி. உள்ளவர் தனியாகத் தெரியமாட்டார், எண்ணிக்கையும் கூடும். முடிவை வெளியிடும்போது 5 பேருக்குக் குறைந்த எந்த அட்டவணைக் கட்டத்தையும் மாவட்ட வாரியாகப் போடாதீர்கள். '40 வயது, மீன்பிடி, மன்னார்' என்று மூன்று சொல் போதும், ஊர் ஆளைப் பிடித்துவிடும்.

ஒட்டுசுட்டான்: நிலையம் கட்ட காணி இருக்கு. ஆரிட்டக் கேக்க?

பதில்: வவுனியாக் கேள்விக்குச் சொன்னதேதான். கட்டடம் பற்றி இனிப் பதில் இல்லை.

யாழ்ப்பாணம், மருத்துவ பீட மாணவி: பி.எச்.கியூ.-9 எண்ட, ஒன்பது கேள்வி உள்ள மனச்சோர்வு வினாத்தாளைப் பாவிக்க யோசிக்கிறம். அனுமதி ஆரிட்ட முதலில எடுக்க வேணும்?

பதில்: முதலில் உங்கள் பீடத்தின் நெறிமுறை மீளாய்வுக் குழு. பிறகு தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும். சிகிச்சைப் பரிசோதனை என்றால், முதல் ஆளைச் சேர்க்க முன்பே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியவேண்டும்.

ஒன்பதாவது கேள்வி சாகும் எண்ணத்தைப் பற்றியது. மொத்தப் புள்ளி, மனச்சோர்வைச் சந்தேகிக்கும் எல்லையான 10ஐ எட்டாவிட்டாலும் அந்த ஒன்றுக்கு 'இல்லை' தவிர வேறு பதில் வந்தால், ஆளை அன்றைக்கே உளநல மருத்துவ அதிகாரி பார்க்கவேண்டும். தாள்களை வெள்ளிக்கிழமை சேர்த்து எண்ணும் பழக்கம் இங்கே ஆபத்து. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு யார் தொலைபேசி எடுப்பார், கிளினிக் இல்லாத நாளில் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த வாகனத்தில் அனுப்புவது என்று பாதீட்டிலேயே எழுதுங்கள். அந்த வாகனச் சீட்டிலும் குறியீடு மட்டும்தான்.