ஸ்டார் சார்ட்டும் ஈரக்கால் சாக்ஸும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வீடு தாழையூத்து. பையனுக்கு ஐந்து வயது, பாப்பாவுக்கு மூன்று. கம்பெனியில் படித்த லீடர்ஷிப் பாடத்தை வீட்டிலும் செய்து பார்ப்போமே என்று சுவரில் ஸ்டார் சார்ட் ஒட்டினேன். பல் தேய்க்க, குளிக்க, சாப்பிட, சாக்ஸ் போட ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டார். பத்து சேர்ந்தால் பொம்மை. தப்பு செய்தால் ஒன்று கழியும். ஞாயிறு சாயங்காலம் ரிவியூ மீட்டிங்.

இரண்டு வாரம் பிரமாதம். இப்போது ஆச்சிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுபோகச் சொன்னால்கூட "எத்தன ஸ்டாரு தருவ?" என்கிறான். முன்பெல்லாம் சொல்லாமலே ஓடுவான். ஸ்டாரைக் கழித்தால் பையைத் தூக்கி எறிகிறான். ஏன் செய்தாய் என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. என் அம்மா வேறு சாப்பாட்டு நேரத்தில் முறுக்கை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். எட்டு மணி வேனுக்குத் தினமும் போராட்டம். முறை தப்பா, நான் செய்வது தப்பா?

மு.செ.
தாழையூத்து

அன்புள்ள மு.செ.,

கம்பெனியிலிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது எச்.ஆர். டிபார்ட்மெண்டை. கொண்டுவந்திருக்க வேண்டியது ஷாப் ஃப்ளோரை, அதாவது மெஷின் ஓடி வேலை நடக்கிற இடத்தை. ரிவியூவும் பிடித்தமும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற, பிடிக்காவிட்டால் வேறு இடம் தேடிக்கொள்கிற பெரியவர்களுக்கானவை. அங்கேயே அவை எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில் அந்தச் செம்புத் தண்ணீர். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், மற்றவர்கள் வரைவதில் செலவழித்த நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் முதல் குழு செலவழித்தது. கெட்டுப்போனது பிள்ளைகள் ஆசையாகச் செய்துகொண்டிருந்த வேலை. பல் தேய்க்க ஸ்டார் கொடுத்ததில் பெரிய நஷ்டமில்லை, அதில் கெடுவதற்கு ஆசையே கிடையாது. ஆச்சிக்குத் தண்ணீர் கொண்டு ஓடியது அப்படியல்ல. கூலிக் கணக்கு அதுவரைக்கும் பரவிவிட்டது.

அதற்காகச் சார்ட்டை இன்றைக்கே கிழித்துவிடாதீர்கள். பாக்கி ஸ்டார்களுக்கு உள்ளதைக் கொடுத்து நேர்செய்யுங்கள். கழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். சம்பாதித்ததைப் பிடுங்கினால் ஐந்து வயதும் எறியும், ஐம்பது வயதும் எறியும். அடுத்த இரண்டு வாரம் பல் தேய்ப்பதற்கு மட்டும் ஸ்டார் இருக்கட்டும். பிறகு அதையும் எடுத்துவிட்டு "பல்லு தேச்சதும் கதை" என்று வேலைக்கு அடுத்தே அவனுக்குப் பிடித்ததை வையுங்கள். சார்ட் இருந்த இடத்தில், அவன் கண் உயரத்தில், காலை வேலைகள் நான்கையும் வரிசையாகப் படம் வரைந்து ஒட்டுங்கள். அது அடுத்தது என்ன என்று காட்டினால் போதும், மார்க் போட வேண்டாம்.

இனி ஷாப் ஃப்ளோர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவில் புதிய தொழிலாளர்களுக்கு வேலை பழக்க ஒரு முறை உருவாக்கினார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது. கற்றுக்கொள்பவன் கற்கவில்லையென்றால் கற்றுக்கொடுப்பவன் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் அதன் தாரக மந்திரம். வீட்டுக்கு அப்படியே பொருந்தும். அதேபோல, கோளாறின் வேரைக் கண்டுபிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்கிற பாடமும் உங்களுக்கு நடத்தியிருப்பார்கள். அதைப் பையனிடம் கேட்கக் கூடாது. அந்த வயதுக்கு 'ஏன்' என்பது கேள்வியாக விழாது, அதட்டலாகத்தான் விழும். உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாக்ஸையே பாருங்கள். ஏன் போடவில்லை? பாதியில் சிக்கி அழுகிறான். ஏன் சிக்குகிறது? கால் ஈரம். ஏன் ஈரம்? குளித்த கையோடு சாக்ஸை நீட்டுகிறோம். ஈரக்காலில் சாக்ஸ் ஏறாது, குதிகால் பக்கம் மேலே திரும்பிக்கொள்ளும், பிள்ளைக்கு அதைத் திருப்பத் தெரியாது. வரிசையை மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்: குளியல், சட்டை, இட்லி, அதற்குப் பிறகு சாக்ஸ். விரலிடுக்கைத் துவட்டிவிடுங்கள். பழக்கும்போது கடைசியிலிருந்து பழக்குங்கள். குதிகால் வரைக்கும் நீங்கள் ஏற்றி, மேலே இழுப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். நாலைந்து நாளில் அது கைவந்ததும் குதிகாலையும் அவனிடம் கொடுங்கள். தினமும் வேலையை முடித்த கை அவனுடையதாக இருக்கும், அதனால் தோற்ற எண்ணம் வராது. சட்டை பட்டனைக் கீழிருந்து மேலே போடச் சொல்லுங்கள். கீழ்நுனிகள் கண்ணுக்குத் தெரியும், ஒன்று மாற்றி ஒன்று மாட்டாது. ஷூ இடம் வலம் மாறுகிறதா? ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, இரண்டு ஷூவுக்குள்ளும் பாதிப் பாதி ஒட்டுங்கள். சரியாக வைத்தால்தான் யானை முழுசாகத் தெரியும். இது நீங்கள் லைனில் தினமும் பார்க்கிற போக்கா-யோக்கேதான், தப்பு நடக்காதபடி வேலையையே அமைத்துவிடுகிற முறை.

அடுக்களையில் நின்று கத்துவது உத்தரவு ஆகாது. பக்கத்தில் போய்க் குனிந்து முகம் பார்த்துச் சொல்லுங்கள். மூன்று வயதுக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஐந்து வயதுக்கு இரண்டு. சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் நேரம் வாய்மூடி இருங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மூன்றாவது நொடியிலேயே மறுபடி சொல்வோம், முதலில் சொன்னது காதில் ஏறும் முன்பே கலைந்துபோகும்.

டெலிகேஷன், அதாவது வேலையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மேற்பார்வையை மாற்ற வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருப்பார்கள். 1969-இல் நிர்வாகவியல் ஆசிரியர்களான ஹெர்சியும் பிளாஞ்சார்டும் அதை எழுதியபோது, பிள்ளை வளர வளரப் பெற்றோர் பிடியைத் தளர்த்துவதைத்தான் உதாரணமாக எடுத்தார்கள். வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன சரக்கைத்தான் ஃபீஸ் கட்டித் திரும்ப வாங்கியிருக்கிறோம். பையன் தானே சாப்பிடட்டும், விட்டுவிடுங்கள். பல் மட்டும் அப்படியல்ல. அவன் தேய்த்த பிறகு பெரியவர் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும், ஏழெட்டு வயது வரைக்கும். பேஸ்ட் பட்டாணி அளவு போதும். தாமிரபரணிப் படித்துறையில் எந்த டெலிகேஷனும் கிடையாது. எட்டிப்பிடிக்கிற தூரத்தில் நீங்கள் நிற்க வேண்டும், கையில் போன் இல்லாமல்.

ஞாயிறு மீட்டிங்கை விட்டுவிடலாம். செவ்வாய்க்கிழமைத் தப்பை ஞாயிற்றுக்கிழமை விசாரித்தால் அவனுக்கு ஒன்றும் பிடிபடாது. சொல்ல வேண்டியதை அந்த நிமிஷமே ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுங்கள்.

ஆச்சி உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர் அல்ல. உங்களையே வளர்த்தவரை ரூல் போட்டு மடக்க முடியாது. தூங்கும் நேரம், அடிக்காமலிருப்பது, சாப்பிடும்போது போன் கூடாது என்ற மூன்றில் மட்டும் வீடு முழுக்க ஒரே பேச்சாக இருக்கட்டும். மற்றது அவர் பாடு. முறுக்கை நிறுத்தச் சொல்லாதீர்கள். "எம்மா, முறுக்க நீங்களே குடுங்க, நாலு மணிக்குக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. காலை ஷிப்ட் வாரத்தில் வேன் வரும் நேரத்துக்கு நீங்கள் வீட்டிலேயே இருக்க மாட்டீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலையில் கண்டிப்புக் காட்டப் போகாதீர்கள். தூக்கம் கெட்டவன் சொல்கிற நியாயம் கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்குக் குளிப்பாட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லைனில் அடுத்த ஷிப்ட்காரருக்கு ஹேண்ட்ஓவர் நோட் எழுதுவதுபோல, வீட்டம்மாவும் நீங்களும் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினார்கள், ராத்திரி என்ன சாப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கு யார் நின்றாலும் அந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.